பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பின்னால் ஓர் ஆள் வேண்டும்

 

றொசல்ல, வட்டவளை, ஹட்டன் பக்கத்துப் பெற்றோர், பழைய மாணவர்கள், பள்ளி நிர்வாகம், கோயில் கமிட்டி எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

கட்டிளமைப் பருவப் பிள்ளைகளுக்கு ஏஐ செயலி மூலம் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கலாம் என்ற பேச்சு இப்போது எல்லாப் பக்கமும் கேட்கிறது. நம்ம ஊர் வட்ஸ்அப் குழுமத்திலும் வந்தது. "பிள்ளைகள் எப்படியும் போனிலதானே கிடக்கிறாங்க, அதுலயே படிச்சுக்கட்டும்" என்று பலரும் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தப் பக்கத்து நியாயம். அது சின்ன நியாயமில்லை. லயத்துக் காம்பராவில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அங்கே ஒரு பெண்பிள்ளை வெள்ளைபடுவதைப் பற்றியோ, ஒரு பையன் தன் உடம்பில் வரும் மாற்றத்தைப் பற்றியோ யாரிடம் கேட்பது? டிஸ்பென்சரிக்குப் போனால் வரிசையில் மாமியும் சித்தியும் நிற்கிறார்கள். டவுனில் இருக்கும் நம்ம முஸ்லிம் வீடுகளிலும் கதை இதேதான். உம்மாவிடம் கேட்க வெட்கம், வாப்பாவிடம் கேட்கப் பயம். மெஷின் சிரிக்காது, திட்டாது, ஊருக்குச் சொல்லாது. அதனால் பிள்ளை அதனிடம் கேட்கிறது. தரம் 10, 11 பிள்ளைகள் பலர் இப்போதே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்தியாவில் இதை ஒழுங்காகச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். பொப்புலேஷன் ஃபவுண்டேஷன் ஒஃப் இந்தியா என்ற அமைப்பு 'ஸ்நேஹ்ஏஐ' என்று ஒரு உரையாடல் செயலியைச் செய்தது. ஐந்து மாதத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதனுடன் பேசினார்கள். அது வெறும் செயலியாக வந்து இறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 2014 முதல் தூர்தர்ஷனில் ஓடிய ஒரு நாடகத்தின் கதாநாயகி டொக்டர் ஸ்நேஹா. பிள்ளைகளுக்கு முதலில் அந்த அக்காவைத் தெரியும், நம்பிக்கை இருந்தது. பிறகுதான் செயலி. அது பேசியதும் அவர்கள் பேசுகிற மாதிரியே, ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து. ஆபத்தான விஷயம் வந்தால் உதவி இலக்கத்துக்கு அனுப்பியது.

நம்ம பிள்ளைகளுக்கு வரப்போவதில் இதில் எது இருக்கும்?

மொழியை எடுங்கள். உலக சுகாதார அமைப்பு 2024 ஏப்ரலில் 'சாரா' என்ற ஏஐ சுகாதார உதவியாளரை எட்டு மொழிகளில் வெளியிட்டது. அந்த எட்டில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. மற்றச் செயலிகள் தமிழில் பதில் சொல்லும், சரி. ஆனால் எந்தத் தமிழ்? நம்ம பிள்ளை "வீட்டுக்குத் தூரம்" என்று எழுதினால் அது மாதவிடாய் என்று அதற்கு விளங்குமா, இல்லை கிலோமீற்றர் கணக்குச் சொல்லுமா? "மேலுக்கு முடியல" என்றால் உடம்பு சரியில்லை என்று பிடிக்குமா? அதையும் ஆங்கில எழுத்தில் தட்டினால்? சுகாதார விஷயத்தில் பாதி விளங்குவது, ஒன்றுமே விளங்காததை விட ஆபத்து.

ரகசியம் என்கிறார்கள். யாருடைய போனில்? நிறைய வீடுகளில் ஒரே ஒரு போன். பகலில் அப்பாவிடம், இரவில் அண்ணனிடம், இடையில் தம்பி கேம் விளையாட. அம்மா வெளிநாட்டில் என்றால் அவரின் கோல் வருவதும் அதே போனுக்குத்தான். அந்தப் போனில் ஒரு பெண்பிள்ளை தட்டிய கேள்வியை அடுத்து யார் திறந்து பார்ப்பார்? லயத்துச் சுவருக்காவது ஒரு கனம் உண்டு.

அடுத்தது சாப்பாடு. 2016 நாடளாவிய சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டுக்கே 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம். அன்றைக்கு அந்தக் கணக்கில் இருந்த பிள்ளைகள்தான் இன்று நம்ம வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். செயலி அவர்களிடம் "தினமும் முட்டை, மீன், பழம் சாப்பிடுங்கள்" என்று அழகாகச் சொல்லும். காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு வந்த பிள்ளைக்கு இது புத்திமதி இல்லை, குத்திக்காட்டல்.

என் பெரிய கோபம் இதுவும் இல்லை. செயலி வந்ததும் ஆட்களை எடுத்துவிடுவார்களோ என்பதுதான். நடந்திருக்கிறது. அமெரிக்காவில் உணவு உண்ணல் கோளாறு உள்ளவர்களுக்கான தேசிய சங்கம் 20 வருடத்துக்கு மேலாகத் தொலைபேசி உதவிச் சேவை நடத்தியது. 2023இல், அதன் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்த கையோடு, அந்தச் சேவையை மூட முடிவெடுத்தார்கள். 'டெஸ்ஸா' என்ற செயலியைக் காட்டினார்கள். அந்த டெஸ்ஸாவோ, சாப்பாட்டுக்குப் பயந்து வாழ்கிறவர்களுக்கே கலோரி எண்ணி எடை குறைக்க வழி சொல்லிக்கொடுத்தது. விஷயம் வெளியே வந்ததும் 2023 மே கடைசியில் அதையும் நிறுத்தினார்கள். தொழிற்சங்கம் என்றால் என்னவென்று நம்ம மலையகத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இந்தக் கதையின் மிச்சத்தை நீங்களே யோசியுங்கள்.

இங்கே சுகாதாரம் பிள்ளைகளை வந்தடைந்த வழியைப் பாருங்கள். 2017 முதல் தரம் 6 மாணவியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது. இரும்புச்சத்து மாத்திரை வகுப்பறைக்கு வருகிறது. பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடக்கிறது. இதெல்லாம் குடும்பநல மாதுவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஆசிரியரும் மழையில் ஏறி இறங்கிச் செய்தது. அந்த ஆட்கள் போதாது, தமிழ் பேசுகிறவர்கள் அதைவிடப் போதாது. முதல் காசு அங்கே போகட்டும்.

நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை மெஷினிடம் போவதற்குக் காரணம் நம் வாய் மூடியிருப்பது. சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் இனப்பெருக்கம் வரும் பக்கத்தை "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று புரட்டுகிற பழக்கம் ஆசிரியர்களிடம் உண்டு. மார்க்கத்தைக் காட்டி வாயடைக்கிறவர்களுக்கு ஒன்று. அன்சாரிப் பெண்கள் மாதவிடாய்க் குளிப்பைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரழி) அவர்கள் பாராட்டியது ஹதீஸில் இருக்கிறது. கேட்கத் தடையில்லை. பதில் சொல்லத்தான் நமக்குத் தயக்கம்.

ஆகவே, ஏஐ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்ம பாடசாலைகளுக்குள் அதைக் கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும், அதிபரும் பெற்றோரும் இவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

1. செயலி கைவிடும் இடத்தில் பேசப்போகும் ஆள் யார்? தமிழ் பேசும் அந்த மாது, தாதி அல்லது ஆலோசனை ஆசிரியர் எந்த நாளில், எந்த நேரத்தில் இருப்பார்?

2. நம்ம பிள்ளைகள் பேசுகிற சொல்லில் நூறு கேள்வி போட்டு, குடும்பநல மாதுவும் ஆசிரியர்களும் பதில்களைச் சரிபார்த்த பிறகே வகுப்புக்கு வரவேண்டும்.

3. பெயர், போன் இலக்கம், கேட்ட கேள்வி எங்கே சேமிக்கப்படுகிறது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெற்றோரிடம் விளங்கும் தமிழில் சம்மதம் வாங்கட்டும்.

4. பிள்ளை உயிரை வெறுத்தோ, யாரோ துன்புறுத்துவதாகவோ எழுதினால், அன்றைக்கே ஒரு மனிதருக்குத் தகவல் போகவேண்டும்.

5. எத்தனை பிள்ளை எத்தனை நிமிடம் பேசியது என்ற கணக்கை எங்களிடம் காட்ட வேண்டாம். டிக்டொக்கும் அந்தக் கணக்கைத்தான் காட்டும். எத்தனை பிள்ளை கிளினிக்குக்கு, 'யொவுன் பியச' நிலையத்துக்கு வந்தது, எத்தனை பேருக்கு இரத்தசோகை குறைந்தது என்று காட்டுங்கள்.

ஐந்துக்கும் பதில் இருந்தால், வகுப்பில் அதை அறிமுகப்படுத்த முதல் ஆளாக நானே வருகிறேன். இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

அதுவரை 1926 (தேசிய மனநல உதவிச் சேவை), 1929 (சிறுவர் உதவிச் சேவை) என்ற இரண்டு இலக்கங்களையும் இன்றைக்கே பிள்ளைகளின் கொப்பியில் எழுதிவிடுங்கள். இரவைக்குச் சாப்பிடும்போது பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை போனை எடுக்காதீர்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம். வஸ்ஸலாம்.