சேமிப்பும் பெறுமதியும்

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது நம் முதுமொழி. ஆயினும், சிக்கனம் மட்டும் ஒருவரைக் காவாது என்பதை 2022ஆம் ஆண்டு இலங்கையருக்கு உணர்த்திற்று. அவ்வாண்டு செப்தெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாயிற்று. ஓராண்டின் முன் 100 ரூபாவுக்கு வாங்கிய பண்டங்களுக்கு 170 ரூபா வேண்டியிருந்தது. வங்கிப் புத்தகத்தில் தொகை குறையவில்லை. அதன் பெறுமதியே குறைந்தது. பாராளுமன்றம் விதியாத இந்த மறைமுக வரியைப் பெரிதும் சுமந்தோர் சிறு சேமிப்பாளரே என்பேன்.

விதித்த வரியும் உண்டு. வட்டியில் வங்கி பிடித்துக்கொள்ளும் வரி 2025 ஏப்ரலில் 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக உயர்ந்தது. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவை மிஞ்சாதோர் வங்கியிற் பிரகடனம் கொடுத்து அதிலிருந்து விலகலாமென அப்போது வகுக்கப்பட்டது. அதனை அறியாத முதியவரே இழப்பர்.

சேமிக்குமாறு போதிக்கும் ஆசிரியர், பெறுமதியைக் கணக்கிடவும் மாணவருக்குக் கற்பிப்பாராக. விலையைக் கட்டுப்படுத்தாத அரசு சிக்கனம் பேசுதல் எங்ஙனம் பொருந்தும்?