காணாமல் போனவர்கள் அல்லர்

அந்தப் பாறைச் சுவரின் முன் போய் நின்றதும் என் காதில் விழுந்தது ஒரு பெயர்: 'பரிசுத்த ஆவி'. கூட வந்தவர் உயரமான ஓர் உருவத்தைக் காட்டி அப்படித்தான் சொன்னார். வழிகாட்டி நூல்களிலும் அதுதான் பெயர்.

இடம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஹார்ஸ்ஷூ கேன்யன். நெடுஞ்சாலையை விட்டு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் மண்சாலையில் போய், அங்கிருந்து நடக்க வேண்டும். பாறைச் சரிவில் சுமார் 240 மீட்டர் இறங்கி, காய்ந்த ஆற்று மணலில் நடந்து, திரும்பி ஏறி வந்தால் மொத்தம் 11 கிலோமீட்டர். இறங்கும்போது அரசியல் பேசிக்கொண்டே போனோம். ஏறும்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. பள்ளத்தாக்கின் உள்ளே இருக்கிறது 'கிரேட் கேலரி' என்னும் நீண்ட ஓவியச் சுவர். செங்காவியில் தீட்டிய உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. சில நம்மைவிட உயரம். பலவற்றுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. இவை பல ஆயிரம் ஆண்டுகள் பழையவை என்று முன்பு கருதினார்கள். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு கி.பி. 1க்கும் 1100க்கும் இடைப்பட்டவை என்றது. அந்த விவாதம் நடக்கட்டும். எந்தக் கணக்குப்படி பார்த்தாலும், கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த உருவம் அங்கே நின்றுகொண்டிருந்தது. அதற்கு எப்படி வந்தது பரிசுத்த ஆவி?

பெயர் வைத்தவன் யார் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அதனால்தான் உறுத்தியது. யூட்டாவின் வேறு பாறைகளில் செதுக்கிய பழங்குடிகளைத் தொல்லியல் நூல்கள் 'ஃப்ரீமாண்ட்' மக்கள் என்கின்றன. அது அங்குள்ள ஓர் ஆற்றின் பெயர். ஆற்றுக்கோ ஜான் ஃப்ரீமாண்ட் என்ற ராணுவ அதிகாரியின் பெயர். 1846இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் பூர்வகுடிகளைக் கூட்டமாகக் கொன்றது அவருடைய படை. மலைக்குடைவுகளில் கல்வீடு கட்டி வாழ்ந்தவர்களை நெடுங்காலம் 'அனசாசி' என்று எழுதினார்கள். அது நவஹோ மொழிச் சொல். 'பகைவரின் முன்னோர்' என்பது போன்ற பொருள். வழித்தோன்றல்களான ப்யூப்லோ மக்கள் அந்தப் பெயரை எதிர்த்தார்கள். ஹோபி மக்களிடம் தங்கள் முன்னோருக்கு 'ஹிஸாட்சினோம்' என்று சொந்தப் பெயரே இருக்கிறது.

1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் 'ஹரிஜன்' என்ற சொல்லைச் சட்டத்தில் ஏற்றியபோது அம்பேத்கர் தம் கட்சியினரோடு வெளிநடப்புச் செய்தார். வெறும் பெயருக்காகவா என்று அன்றும் கேட்டிருப்பார்கள்.

பெயரைவிட மோசமானது இன்னொரு கதை. 'மர்மமாகக் காணாமல் போன இனம்' என்று சுற்றுலாப் புத்தகங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. காணாமல் போகவில்லை, தோழர்களே. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடும் வறட்சி; அதோடு வேறு நெருக்கடிகளும் சேர்ந்துகொள்ள, ப்யூப்லோ முன்னோர் தெற்கே நகர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஹோபி, சூனி ஊர்களிலும் ரியோ கிராண்டே ஆற்றோரத்திலும் இன்றைக்கும் சோளம் விதைக்கிறார்கள். 'காணாமல் போனார்கள்' என்று எழுதிவிட்டால் நிலத்துக்கு வாரிசு இல்லை. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வேலி போடலாம், யுரேனியம் தோண்டலாம், கல்லறையைக் கிளறிப் பானையை விற்கலாம்.

வாரிசுகள் சும்மா இருக்கவில்லை. அதே மாநிலத்தின் தென்கிழக்கில், பாறை ஓவியங்களும் கல்வீடுகளும் நிறைந்த பேர்ஸ் இயர்ஸ் நிலத்துக்காக ஹோபி, நவஹோ, சூனி, இரண்டு யூட் அரசுகள் என ஐந்து பழங்குடி அரசுகள் 2015இல் ஒரே கூட்டணியாகத் திரண்டன. அவர்களுக்குள்ளும் பழைய பகை உண்டு. 'அனசாசி' என்ற சொல்லே அதற்குச் சாட்சி. அதையும் வைத்துக்கொண்டேதான் ஒன்றாக உட்கார்ந்தார்கள். (நம் இயக்கங்கள் கொஞ்சம் கவனிக்கலாம்.) 2016 டிசம்பரில் ஒபாமா சுமார் 13.5 லட்சம் ஏக்கரைப் பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னமாக அறிவித்தார். மறு ஆண்டே டிரம்ப் அதில் 85 சதவீதத்தை வெட்டினார். 2021இல் பைடன் திருப்பிக் கொடுத்தார். 2022இல் அந்த நிலத்தைக் கூட்டாக நிர்வகிக்கும் ஒப்பந்தத்தில் ஐந்து அரசுகளும் கையெழுத்திட்டன. ஒரு கையெழுத்தில் வந்தது இன்னொரு கையெழுத்தில் போகும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

அவர்கள் கதை நம் கதை அல்ல. அவர்களை நிலத்தை விட்டே துரத்தினார்கள். நம்மை நம் மண்ணிலேயே வைத்து, சேரிக்குத் தள்ளினார்கள். ஆனால் ஒன்றைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. 2021 ஏப்ரலில் மோவாப் நகருக்கு அருகே, ஒரு பெண் பிள்ளை பெறும் காட்சி செதுக்கப்பட்ட பாறையில் எவனோ 'வெள்ளை அதிகாரம்' என்று கிறுக்கிவிட்டுப் போனான். அம்பேத்கர் சிலைக்கு இரும்புக் கூண்டு போட்டிருக்கும் ஊரிலிருந்து வருகிறவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேலே ஏறி வண்டி நிறுத்தியிருந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். வேறொரு குழுவில் வந்த இளைஞன் கேட்டான்: "இதையெல்லாம் வரைந்த ஜனங்கள் என்னதான் ஆனார்கள்?" தெற்கே ஒரு பகல் கார் ஓட்டினால் ஒரைபி என்ற ஹோபி ஊர் வரும், கிட்டத்தட்ட 900 வருஷமாக அங்கே அடுப்பு அணையவில்லை, இந்த மண்ணில் நடந்த முன்னோரைப் பற்றி அவர்களிடம் கேள் என்றேன். அவன் போனை எடுத்து ஊர்ப் பெயரின் எழுத்துகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டான்.