கடைசியாக நன்றாக இருந்தது எப்போது?

பக்கவாதம் வந்தவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்ததும் மருத்துவர் தவறாமல் கேட்பது: "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" பதறி நிற்கும் உறவினர்களில் பலர், "காலைல ஆறு மணிக்குப் பார்த்தோம், கை விழுந்து கிடந்தார்" என்கிறார்கள். அது அவர்கள் கண்டுபிடித்த நேரம். மருத்துவருக்கு வேண்டியது அதற்கு முந்தைய நேரம்.

மூளையின் ரத்தக்குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி மருந்து இருக்கிறது. பாதிப்பு தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று 1995-இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு அந்த வரம்பை நாலரை மணி நேரமாக நீட்டியது. நேரம் போகப்போகப் பலன் குறையும், மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்தே மிஞ்சும். பெரிய குழாய் அடைபட்டால் சிகிச்சையில்லாத ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டார்.

தொடங்கிய நேரம் தெரியாவிட்டால், நோயாளி நன்றாக இருந்ததைப் பிறர் கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்தே கணக்கு ஓடும்.

ஒரு பெரியவர் இரவு 10 மணிக்குப் படுக்கிறார். காலை 6 மணிக்கு வாய் கோணி, பேச்சு குழறிக் கிடக்கிறார். கணக்குப்படி 8 மணி நேரம் கடந்துவிட்டது. ஆனால் 4 மணிக்கு அவர் கழிப்பறைக்கு நடந்துபோனதையும், மனைவியிடம் தெளிவாகப் பேசியதையும் யாராவது சொல்லிவிட்டால் கடந்தது 2 மணி நேரம்தான். காலை 8.30 வரை ஊசிக்கு வாய்ப்பிருக்கிறது. மனைவிக்கு மட்டுமே தெரிந்த அந்தத் தகவல், அவரை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆம்புலன்ஸ் கிளம்பினால் மருத்துவரைச் சேராது.

ஸ்கேன் எடுத்தால் தெரியாதா? அவசரமாக எடுக்கும் சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவு உண்டா என்று காட்டும். அடைப்பு எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்லாது. தூக்கத்தில் பக்கவாதம் வந்தவர்களில் ஊசி யாருக்குப் பொருந்தும் என்பதை எம்.ஆர்.ஐ. மூலம் தேர்ந்தெடுக்கலாம் என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது உண்மை. அந்த வசதி நள்ளிரவில் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. குழாய் வழியாகக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சையை, தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம். அந்த 24 மணி நேரமும் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் எண்ணப்படுகிறது.

நேரத்தைத் தேடிப் பிடிக்க வீட்டிலேயே தடயங்கள் உண்டு. நோயாளியின் செல்போனில் கடைசியாகப் பேசிய அழைப்பு, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு, பால்காரரிடம் பேசியது, அவர் பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சித் தொடர் என ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. ஆனால் இதற்காக வீட்டில் தாமதிக்கக் கூடாது. முதலில் 108-ஐ அழைக்க வேண்டும். விசாரணையை வண்டியில் போகும்போது போனில் நடத்தலாம்.

வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகிய அறிகுறிகளை விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் சொல்லிக்கொடுக்கின்றன. அவற்றோடு "கடைசியாக நன்றாக இருந்தது எப்போது?" என்ற கேள்வியையும் சுகாதாரத் துறை பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். ஆம்புலன்ஸ் ஊழியர் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்வதும், நோயாளியைக் கடைசியாக நலமாகப் பார்த்தவரையே உடன் ஏற்றிக்கொள்வதும் கட்டாய நடைமுறையாக வேண்டும். அவரால் வர முடியாவிட்டால் அவருடைய போன் எண்ணாவது மருத்துவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.