தண்டம் யாருடையது?

வாகனம் ஓட்டும்பொழுது கைத்தொலைபேசியிற் பேசியமைக்காகப் பிடிபடும் இளைஞன், பிடிபட்டவுடன் முதலிற் செய்வது யாது? அதே தொலைபேசியை மறுபடியும் எடுத்து யாரையோ அழைப்பதுதான். வெள்ளவத்தையிற் காலி வீதியிலும் மரைன் டிரைவிலும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலும் இக்காட்சியை ஒரு தடவையன்று, பல தடவை நின்று பார்த்திருக்கிறேன். அழைப்பு முதலில் தந்தைக்குப் போகிறது. தந்தையிடமிருந்து அவருடைய நண்பருக்கும், நண்பரிடமிருந்து ‘பெரிய இடத்தில்’ இருப்பவராகக் கருதப்படும் ஒருவருக்கும் போகிறது. ‘தம்பி, ஆரோடை கதைக்கிறீர்?’ என்று அருகில் நின்ற முதியவர் ஒருவர் ஒருமுறை கேட்டதற்கு, ‘மாமாவோடை, ஐயா, அவருக்கு உள்ளுக்கை ஆக்களைத் தெரியும்’ என்று அப்பிள்ளை சிறிதும் கூச்சமின்றி விடை கூறினான். குற்றஞ் செய்த கருவியே குற்றத்தினின்று தப்பும் கருவியாகவும் ஆகிவிட்ட விந்தையை அவன் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

மாமாவால் ஒன்றும் இயலாது போனால் தந்தை வருகிறார். தண்டப் பத்திரத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார். பணத்தை அவரே கட்டுகிறார். வீட்டில் அன்றிரவு சிறிது சத்தம் எழும். மறுநாட் காலையில் வாகனத் திறப்பு மீண்டும் மகன் கையில் இருக்கும். உயர்தர வகுப்பு மாணவரோடு நெடுங்காலம் பழகியவன் என்ற உரிமையிற் கேட்கிறேன்: இங்கே தண்டிக்கப்பட்டவர் யார்?

நமது மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாகும். அஃது இயற்றப்பட்ட காலத்திற் கொழும்பு வீதிகளிற் றிராம் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவை நின்றது 1960இல். அக்காலத்தில் வாகனம் வைத்திருந்தோர் சிலரே. பதினெட்டு வயதிற் றனக்கென்று வாகனம் வைத்திருந்தவனை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றோ உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வருவதற்குள் மோட்டார் சைக்கிள் வாசலுக்கு வந்துவிடுகின்றது. சட்டம் திருத்தப்பட்டுக்கொண்டே வந்திருக்கின்றது. ஓட்டும்போது கைத்தொலைபேசியை உபயோகிப்பதும் குற்றமாயிற்று. ஆயினும் தண்டத்தின் பாரத்தை யார் தோளில் ஏற்றுவது என்ற வினாவைச் சட்டம் குடும்பத்திடமே விட்டுவிட்டது. குடும்பம் அதனைத் தந்தையின் தோளில் ஏற்றிவிட்டது.

இது சிறு பிழை, இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் ஏன் என்பார் உளர். அவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் நகருகின்றது. வந்த செய்தியைப் பார்க்க இரண்டு வினாடி கண்ணைத் தாழ்த்தினால் 28 மீற்றர் தூரத்தை அவ்விளைஞன் குருடனாகவே கடந்துவிடுகிறான். காலி வீதியின் மஞ்சட் கடவையில், ஒரு கையிற் சந்தைப் பையும் மறு கையிற் பேரப்பிள்ளையுமாக நிற்கும் கிழவி அந்த 28 மீற்றருக்குள்ளேதான் காலை எடுத்து வைக்கிறாள். இத்தீவில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் மடிகின்றனர். அவர்களுட் கால்நடையாய்ச் சென்றோரும் மோட்டார் சைக்கிளிற் சென்றோரும் பெருந்தொகையினர்.

காதிற் கருவியை மாட்டிக்கொண்டு கையை விடுவித்துக்கொண்டால் அபாயம் நீங்கிவிடும் என்று கருதுவோரும் உண்டு. அமெரிக்காவில் உட்டா பல்கலைக்கழகத்து உளவியலாளர் டேவிட் ஸ்ட்ரேயர் 2001இல் வெளியிட்ட ஆய்வு அந்நம்பிக்கையை உடைத்தது. கையிற் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமற் பேசினாலும் மனம் சாலையை விட்டுப் போவது ஒரே அளவினதே என்பது அவர் கண்ட முடிவு. கண் விளக்கைப் பார்க்கின்றது. மனம் அதனைக் காண்பதில்லை. வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் மாணவனை அறிந்த ஆசிரியர் எவருக்கும் இஃது ஆய்வின்றியே விளங்கும்.

நிற்க. தந்தையர் மீது பழி சுமத்துமுன் அவர்களுடைய நெஞ்சில் இருப்பதையும் சொல்லவேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று ஐம்பது வயதைக் கடந்து நிற்கும் தமிழ்த் தந்தை, பொலிஸார் தம் மகனை நிறுத்திவிட்டனர் என்று கேட்டவுடன் நடுங்குவது தண்டப் பணத்தை நினைத்தன்று. சோதனைச் சாவடிகளிற் குற்றம் எதுவுமின்றி நிறுத்தப்பட்ட தலைமுறை அது. அடையாள அட்டையோடு பொலிஸ் பதிவுத் துண்டையும் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போன தலைமுறை. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி வைகறையில் இவ்விரு பகுதிகளிலும் புறக்கோட்டையிலும் விடுதிகளிற் றங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து அகற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. ‘ஆரையேனும் தெரியுமோ?’ என்ற கேள்வி அந்நாட்களிற் சலுகை தேடும் கேள்வியன்று. உயிர் தேடும் கேள்வி. யாரையேனும் தெரிந்திருந்தவன் வீடு திரும்பினான்.

அவ்வச்சத்துக்குக் காரணம் இருந்தது. அதனை எள்ளி நகையாடுபவன் அக்காலத்தை அறியாதவன். ஆனால் அக்கேள்வி இன்று மகனுக்குச் சொத்தாக வந்து சேர்ந்திருக்கின்றது. அவனோ அதனை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்துகிறான். தந்தை குற்றமின்றி நிறுத்தப்பட்டார். மகன் குற்றத்தோடு நிறுத்தப்படுகிறான். இவ்விரண்டையும் ஒரே கூடையிற் போடுவது அன்று அநியாயமாகத் துன்புற்றோரையே அவமதிப்பதாகும் என்பது என் துணிபு. அநியாயத்தை எதிர்க்கும் உரிமை, நியாயத்துக்குத் தலைவணங்குபவனிடமே வலுவோடிருக்கும்.

நம்மவர் இவ்விடத்தில் மனுநீதி கண்ட சோழனை நினைப்பர். ஆனாற் றிருவாரூர் வரை போகவேண்டியதில்லை. இத்தீவிலேயே அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளனைப் பற்றி மகாவம்சம் அதே கதையைக் கூறுகின்றது. இளவரசன் தேரிற் செல்கையிற் கன்று ஒன்று சக்கரத்தில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் அதே சக்கரத்தால் மகனைத் தண்டித்தான். இதனை யாவரும் அறிவர். ஆயின் அதே அத்தியாயத்தில் அதற்குச் சற்றுப் பின் வரும் இன்னொரு நிகழ்ச்சியை நம் மேடைப் பேச்சாளர் எவரும் எடுத்துரைக்கக் கேட்டிலேன். எனக்கோ அதுவே மகனின் கதையினும் உயர்ந்ததாகப் படுகின்றது. மன்னனே தேரில் வருகையில் நுகத்தின் முனை தாதுகோபம் ஒன்றில் இடித்துவிட்டது. பதினைந்து கற்கள் பெயர்ந்தன. அவன் வேண்டுமென்று செய்ததன்று என்பதை நூலாசிரியரே சொல்லிவிடுகிறார். எனினும் எல்லாளன் தேரினின்றும் குதித்து வீதியிற் கிடந்து, தன் தலையையும் சக்கரத்தால் அறுக்குமாறு கேட்டான். அமைச்சர் தடுத்து, கோபத்தைத் திருத்திக் கொடுத்தாற் போதுமென்றனர். பதினைந்து கற்களுக்காகப் பதினையாயிரம் கஹாபணம் செலவிட்டான். நமது தீவின் ஏட்டிற் பதியப்பட்ட முதல் வாகனத் தண்டம் இதுவே என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அவன் பௌத்தனல்லன்; தன் சமயத்ததல்லாத கோயிலின் பதினைந்து கற்களுக்காக, எந்த மாமாவையும் அழைக்காமல், தானே இறங்கித் தானே கிடந்தான்.

இதற்கு நேரெதிரான காட்சி 2024ஆம் ஆண்டு மே மாதம் இந்தியாவிற் புனே நகரில் நிகழ்ந்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் விலையுயர்ந்த காரை விரைந்தோட்டி, மோட்டார் சைக்கிளிற் சென்ற இளம் பொறியியலாளர் இருவரைக் கொன்றான். மதுவருந்தியிருந்தான் என்பது வழக்கு. கைத்தொலைபேசி இங்கே குற்றமன்று. ஆனால் அதன்பின் நடந்ததாகச் சொல்லப்படுவன நம் விஷயத்தைச் சார்ந்தவை. குடும்பத்தின் சாரதியே பழியை ஏற்குமாறு வற்புறுத்தப்பட்டார் என்றும், பையனின் இரத்த மாதிரி மாற்றப்பட்டது என்றும் பொலிஸார் குற்றஞ்சாட்டினர். சிறார் நீதிச் சபையோ விபத்தைப் பற்றி முந்நூறு சொல்லில் ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்பதையும் நிபந்தனையாக வைத்துப் பிணையில் விட்டது. மக்கள் சீறியெழுந்த பின்னரே அவ்வுத்தரவு திருத்தப்பட்டது. இரண்டு உயிருக்கு முந்நூறு சொல்! ஆண்டாண்டாகக் கட்டுரைகளைத் திருத்திச் சிவப்பு மையைத் தீர்த்த எனக்கு, அது கட்டுரைக்கலைக்கே இழைத்த அவமதிப்பாகவும் தோன்றிற்று.

இத்தனைக்கும் அந்நாட்டுச் சட்டம் மென்மையானதன்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வயது வராத பிள்ளை வாகனமோட்டிக் குற்றம் இழைத்தால், பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கொள்ளப்படுவார்; மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. வாகனத்தின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு இரத்தாகும். பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுவரை அனுமதிப்பத்திரமே கிடையாது. இவற்றுள் இறுதியாகச் சொன்னதே எனக்கு மிக உவப்பானது. பணத்தைத் தந்தை கட்டலாம், சிறைக்குத் தந்தை போகலாம். ஓட்டமுடியாத ஏழெட்டு ஆண்டுகளை மகனுக்குப் பதிலாக எந்தத் தந்தையாலும் கழிக்கமுடியாது. கலிபோர்னியாவிலும் 2008 முதற் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஓட்டும்போது, கையிற் பிடியாத தொலைபேசியையும் உபயோகிக்கலாகாது.

ஆகவே இருபத்தொரு வயதுக்குட்பட்ட சாரதி கைத்தொலைபேசியோடு பிடிபட்டாற் பணத்தண்டத்தைக் குறைத்து, அனுமதிப்பத்திரத்தைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைப்பதே தகும் என்பேன். பணத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போவதால் என்ன நேரும் என்பதை 2016ஆம் ஆண்டின் இறுதியிற் கண்டோம். சில குற்றங்களுக்கு 25,000 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தவுடன் தனியார் பேருந்துகள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. கொட்டாஞ்சேனையில் முச்சக்கர வண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவனுக்கு ஒரு தண்டப் பத்திரம் அடுப்பெரியாத நாட்களைக் குறிக்கும். மரைன் டிரைவிற் காரோட்டும் பிள்ளைக்கு அது ஒரு மாலைச் சிற்றுண்டிச் செலவு. பின்லாந்து நாட்டில் 1921 முதலே தண்டத்தை வருமானத்தைக்கொண்டு அளக்கும் முறை உண்டு. நாம் அவ்வளவு தூரம் போகாவிடினும், மாதத்தை இருவருக்கும் ஒன்றாக அளக்கலாமன்றோ?

உணவுப் பொதி சுமந்து மோட்டார் சைக்கிளில் ஓடும் இளைஞரை மட்டும் இக்கணக்கில் வேறாக வைக்கவேண்டும். அவர்களுக்குத் தொலைபேசி விளையாட்டன்று. அதுவே முதலாளியின் குரல். ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வேலையைக் கேட்டு மணி ஒலிக்கின்றது. பார்க்கத் தவறினால் அது இன்னொருவனுக்குப் போய்விடும். அவனைத் தண்டிக்குமுன் அம்மணியை ஒலிக்க விட்டவரையும் அழைத்துக் கேட்பது நீதி.

மணி ஒலிப்பிப்போர் நம் வீடுகளிலும் உளர். பிள்ளை ரியூசன் முடிந்து புறப்பட்டிருப்பான் என்று தெரிந்தே, ‘எங்கை நிக்கிறாய்?’ என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்கும் தாய்மார் எத்தனை பேர்! எடுக்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்ற விசாரணை. எடுத்தாற் பொலிஸ் விசாரணை. அன்பினாற் செய்வதுதான், மறுக்கவில்லை. ‘வந்து சேர்ந்த பிறகு சொல்லு’ என்ற ஒரு வார்த்தையாலும் அதே அன்பைக் காட்டலாம்.

பணத்தண்டம் இருக்கும்வரையிலேனும் அதைப் பிள்ளையே சுமக்கட்டும் என்று பெற்றோர் கூட்டமொன்றிற் கூறினேன். கைச்செலவுப் பணத்திற் பிடித்துக்கொள்ளுங்கள். அனுமதிப்பத்திரத்தைப் பொலிஸார் வாங்கிக்கொண்டால், தபாலகத்தில் அவனே வரிசையில் நின்று கட்டி, பற்றுச்சீட்டோடு அவனே பொலிஸ் நிலையத்துக்குப் போய் மீட்டு வரட்டும் என்றேன். பலர் தலையசைத்தனர். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, ‘சேர், இப்ப வரிசையிலை நிக்கத் தேவையில்லை’ என்றார். அவர் சொன்னது உண்மையே. 2025 ஏப்ரலில் முதலிற் சில இடங்களில் தொடங்கப்பட்ட ஏற்பாட்டினால் தண்டப் பணத்தைத் தொலைபேசி வழியாகவே செலுத்த வழி பிறந்துவிட்டது. தந்தை தம் அலுவலக மேசையில் இருந்தபடி பொத்தானை அழுத்தலாம். மகன் அப்பொழுது எங்கே ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று அவருக்குத் தெரியவேண்டியதுமில்லை.