காரை உயர்த்துவதா, வீதியைத் திருத்துவதா?

தனியார் பாவனைக்கான மோட்டார் வண்டிகளின் இறக்குமதி நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளின் பின் 2025 பெப்ரவரி முதலாந் திகதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அடைத்துக் கிடந்த கதவு திறந்ததும் நம்மவரிடையே ஓர் ஆசை தலைதூக்கியுள்ளது. வீட்டில் நிற்கும் சிறிய செடான் காரை விற்றுவிட்டு, எஸ்.யூ.வி. என்று மூன்றெழுத்தால் அழைக்கப்படும் உயரமான காரொன்றை வாங்கிவிட வேண்டும் என்பதே அவ்வாசை. வைத்தியரும் வழக்கறிஞரும் மாத்திரமல்லர், வெங்காயத்திலும் புகையிலையிலும் நாலு காசு கண்ட கமக்காரரும் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கின்றனர்.

உழைத்த பணத்தில் ஒருவர் தாம் விரும்பிய வண்டியை வாங்குவதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், மாற்றுவதற்குக் காரணம் என்னவென்று கேட்டால் பெரும்பாலோர் தரும் விடை ஒன்றே. "வீதி மோசம் ஐயா, சிறிய காரின் அடி தட்டுகிறது" என்கின்றனர். அந்த விடையையே நாம் இங்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் சாட்சியத்தைப் பார்ப்போம். நம் வீதிகளில் நன்கு பழகிப்போன இரு வண்டிகள் ஹொண்டா கிறேஸும் ஹொண்டா வெசலும். முன்னது செடான், பின்னது எஸ்.யூ.வி. இரண்டுமே ஹொண்டா ஃபிட் என்னும் சிறிய காரின் அடித்தளத்திலிருந்து பிறந்தவை. 1.5 லீற்றர் பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைபிறிட் வகை இரண்டிலும் உண்டு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம். ஆகவே, ஒன்றை விற்று மற்றதை வாங்குபவர் உண்மையில் எதைப் பெறுகிறார், எதை இழக்கிறார் என்பதை அளந்து பார்க்கலாம்.

வெசலின் அடிப்பாகம் நிலத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு அங்குலம் கூடுதலாக உயர்ந்திருக்கிறது. அதன் அகலமோ 1,695 மில்லிமீற்றரிலிருந்து 1,770 மில்லிமீற்றராக, அதாவது மூன்று அங்குலம் கூடியிருக்கிறது. யப்பானிய அரசாங்கத்தின் சோதனை முறைப்படி கிறேஸ் ஹைபிறிட் உச்ச அளவாக லீற்றருக்கு 34.4 கிலோமீற்றர் ஓடியது. 2013 இறுதியில் வெளிவந்த வெசல் ஹைபிறிட் 27 கிலோமீற்றரே ஓடியது. நம் வீதிகளில் இரண்டும் இதற்குக் குறைவாகவே ஓடும். எனினும் இடைவெளி மறையாது. பாரமும் கூடியது, காற்றை எதிர்த்துச் செல்லும் முகப்பும் பெரியது என்பதே காரணம்.

இந்த இடைவெளி அற்பமானதன்று. 2022 இல் பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றதை நாம் மறந்துவிட முடியுமா? அவ்வாண்டு எரிபொருள் அட்டை முறை நடைமுறைக்கு வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்குக் கிடைத்தது 20 லீற்றர். மேற்சொன்ன சோதனைக் கணக்கின்படி அந்த 20 லீற்றரில் செடான் 688 கிலோமீற்றர் ஓடும். அதன் உயர்ந்த உடன்பிறப்பு 540 கிலோமீற்றருடன் நின்றுவிடும்.

உயர்ந்த கார் ஜீப்பின் வேலையைச் செய்யும் என்று நம்புவோரும் உளர். இவ்வகைக் கார்களுட் பெரும்பாலானவை முன் இரு சக்கரங்களால் மாத்திரம் இழுக்கப்படுபவை. தோற்றம் ஜீப்பினுடையது, உழைப்பு காரினுடையது. மாரி காலத்து வன்னிச் சேற்றிற் புதைந்தால் இதையும் உழவு இயந்திரந்தான் வந்து இழுக்க வேண்டும்.

1990 இல் எரிபொருள் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் ஓடிய வண்டிகளை எண்ணிப் பாருங்கள். பழைய ஒஸ்ரினும் மொறிஸும், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. குண்டும் குழியுமான வீதிகளில் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குச் சுமந்தவை அந்தச் சிறிய செடான்களே.

இதனால் எஸ்.யூ.வி. எவருக்கும் வேண்டாம் என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. முழங்கால் நோவால் தாழ்ந்த ஆசனத்தில் இருந்து எழமுடியாத முதியோர் உள்ள வீட்டுக்கு அது உதவும். வெள்ளம் தேங்கும் பாதையால் நாள்தோறும் கடமைக்குச் செல்லும் வைத்தியருக்கு அந்த இரண்டு அங்குலமும் பயன்படும். அத்தகையோர் தாராளமாக வாங்கட்டும். வீட்டிலிருந்து நீதிமன்றத்துக்கும் கந்தோருக்கும் கார்ப்பெற் வீதியில் சென்று திரும்புவோருக்கு அது எதற்கு?

இதற்குமேல் ஒரு கேள்வி உண்டு. அதுவே பெரிய கேள்வி. ஒழுங்கையின் குழி படித்தவனின் காரைத் தட்டும்வரை அவன் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதுவான், தவிசாளரைக் கண்டு பேசுவான், உறுப்பினரை மறித்துக் கேட்பான். கார் இரண்டு அங்குலம் உயர்ந்ததும் குழி அவன் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. ஆனால் குழி அங்கேயே இருக்கிறது. விடியற்காலையில் மரக்கறி மூட்டையைச் சைக்கிளில் கட்டிச் சந்தைக்குச் செல்லும் கமக்காரன் அதில் விழுகிறான். பிரசவ வேதனையோடு முச்சக்கர வண்டியிற் செல்லும் பெண் அதில் குலுங்குகிறாள். போதாக்குறைக்கு, அகன்ற அந்த மூன்று அங்குலத்துக்கும் வழிவிட்டு, வேலியோரம் ஒதுங்க வேண்டியவனும் அந்தச் சைக்கிள்காரனே. கேட்கக்கூடிய குரல் ஓய்ந்துவிட்டால் கேட்கப்படாத குரலுக்குத் துணை யார்?

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987 இல், தேசிய நெடுஞ்சாலைகள் தவிர்ந்த மாகாண வீதிகளை மாகாண சபைக்கு ஒப்படைத்தது. வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஏழாண்டு கடந்தும் தேர்தல் வரவில்லை. ஆனால் கிராம வீதிகளுக்கும் ஒழுங்கைகளுக்கும் பொறுப்பான பிரதேச சபைகளுக்கு 2025 மே 6 ஆந் திகதி தேர்தல் நடந்தது. கேட்பதற்கு அங்கே ஆள் உண்டு.

எப்படிக் கேட்பது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரசையும், காரணம் கூறாமலே, ஒரு வீதியின் மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தகாரர் யார், வடிகாலுக்கு ஒதுக்கீடு உண்டா என்று கேட்கலாம். தகவல் தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். வடிகாலைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். தேங்கிய நீர் தாருக்கு அடியில் இறங்கினால் எவ்வளவு செலவிட்டுப் போட்ட வீதியும் சில மாரிகளில் உடையும்.

விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் வழக்கறிஞர். மதிப்பீட்டை வாசிக்கத் தெரிந்தவர் பொறியியலாளர். எந்த இடத்தில் வெள்ளம் நிற்கும் என்பதை அறிந்தவர் கமக்காரர். இம்மூவரும் ஒரு கையெழுத்துத் தாளில் சேர்ந்தால் சபை செவிசாய்க்காமல் இருக்க முடியாது. புதிய காருக்கு முற்பணம் கட்டுமுன் அந்த ஒரு விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். வீதி திருந்தினால் பழைய செடானும் நன்றாக ஓடும், பக்கத்து வீட்டானின் சைக்கிளும் விழாமல் ஓடும். அதற்குப் பின்னும் உயர்ந்த கார் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள்.