கடாவுக்கு முன் சினையாட்டைப் பாருங்கள்

1848இல் நுவரெலியாவில் குடியேறப் புறப்பட்ட சாமுவேல் பேக்கர், விவசாயக் கருவிகளோடும் விதைகளோடும் மூன்று செம்மறிக் கடாக்களையும் இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றினார். ஒன்று சவுத்டவுன், ஒன்று லெஸ்டர், ஒன்று காட்ஸ்வோல்ட். நல்ல கடா வந்தால் நல்ல இறைச்சி வரும் என்ற அந்த நம்பிக்கை மலையகத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது. லயத்துக்குப் பின்னால் பட்டி போட்டிருப்பவர் கால்நடை வைத்தியரிடம் முதலில் விசாரிப்பது கடாவைத்தான்.

அயல் இரத்தத்தால் பயனில்லை என்பதல்ல. நீலகிரித் தேயிலை மலைகளில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவான நீலகிரிச் செம்மறி இன்றும் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் பேணப்படுகிறது. ஆனால் கடா தருவது மரபை மட்டும். அந்த மரபு சதையாவதற்கு வேண்டியதைத் தாய்தான் கொடுக்க வேண்டும்.

செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள். கருவில் முதல்நிலைத் தசைநார்கள் இரண்டாம் மாதத்திலேயே தோன்றிவிடுகின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டு இரண்டாம்நிலை நார்கள் பெருகுகின்றன. குட்டி தரையில் விழும்போது நார்களின் எண்ணிக்கை அநேகமாக முடிவாகியிருக்கும். அதன்பின் இருக்கும் நார் தடிக்கும், நீளும். துணைக்கலங்கள் தம் உட்கருக்களை அதற்குள் சேர்த்து வளர்ச்சிக்கு உதவும். சினையின் முதற்பாதியில் தாயின் தீவனத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்த ஆய்வில் குட்டிகளின் இரண்டாம்நிலை நார்கள் குறைந்தன. இந்த இழப்பைப் பிறகு எவ்வளவு தவிடு வைத்தாலும் மீட்க முடியாது. கடைசி ஆறு வாரத்தின் தேவை வேறு: பிறப்பெடையில் சுமார் 70 விழுக்காடு அப்போதுதான் சேர்கிறது.

மலையகத்தில் செம்மறி அரிது, வெள்ளாடே மிகுதி. தசை வளரும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

கொழுந்து பறித்துக் களைத்துத் திரும்பும் பெண் வழியில் அறுத்து வரும் புல்லே பெரும்பாலான ஆடுகளின் உணவு. அடைமழையில் அந்தப் புல்லில் தண்ணீர்தான் மிகுதி. வயிறு நிறையும், புரதம் போதாது. மீள்நடுகைக்காக மண்ணைத் தேற்ற வளர்க்கும் குவாட்டமாலாப் புல்லும் புரதம் குறைந்ததே. கையெட்டும் தூரத்தில் மருந்து இருக்கிறது: நிழல் மரமாக நிற்கும் முள்முருங்கை, வேலியோரக் கிளிரிசீடியா. கிளிரிசீடியா இலையின் உலர்பொருளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். கவ்வாத்து வெட்டும் கிளைகளைச் சினையாட்டுக்கு முதலில் போடத் தோட்ட நிர்வாகம் இசைந்தால், செலவேயில்லாத தீவனம் அது.

ஈரமலையில் குடற்புழுவையும் மறக்கலாகாது. இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு தாயின் புரதத்தைத் தின்கிறது. குட்டி போடும் காலத்தையொட்டிச் சாணத்தில் முட்டை எண்ணிக்கை ஏறும்.

எனவே கள அலுவலர்களிடம் இவ்விதழ் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறது. குட்டி பிறந்த திகதி எழுதும் பதிவேட்டில் கடா சேர்த்த திகதிக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். சினையின் இரண்டாம் மாதத்தில் ஒருமுறை, நான்காம் மாதத்தில் ஒருமுறை தாயின் முதுகெலும்பின்மேல் விரலை ஓட்டிப் பார்த்து, அதன் உடல்நிலையையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.