‘மிட்டாய்’ பாட்டும் மறைத்த டிராகனும்: ஜப்பான் கேம்களை அமெரிக்காவில் விற்ற கதை

2020 லாக்டவுன் நேரத்துல சோஷியல் மீடியா முழுக்கச் சுத்தின அந்த வீடியோ ஞாபகம் இருக்கா? அரசியல்வாதி, சினிமா ஹீரோ, கார்ட்டூன் பொம்மைன்னு யார் போட்டோவாக இருந்தாலும் சரி, உருகி உருகி ஒரு ஜப்பானியப் பாட்டைப் பாடும். பாட்டின் பெயர் ‘பாகா மிட்டாய்’. பெட்டிக்கடைப் பண்டம் மாதிரி இருக்கே என்று நினைக்காதீர்கள். ‘முட்டாள் மாதிரி’ என்று அர்த்தம்.

அது ‘யகுசா’ என்ற வீடியோ கேமில் வரும் கரோக்கி பாட்டு. முரட்டு தாதாவான ஹீரோ கிர்யு, பாரில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, போன காதலை நினைத்துப் பாடுகிறான். ஜப்பானிய மொழி தெரியாத லட்சக்கணக்கான பேர் அதை ஷேர் செய்தார்கள். கேமை வெளியிடும் சேகா போட்ட விளம்பரத் திட்டம் அல்ல இது. ரசிகர்கள் தாங்களாகவே செய்தது.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்த மாதிரி சமாசாரங்களைத்தான் ‘வெள்ளைக்காரனுக்குப் புரியாது’ என்று சேகா ஒரு காலத்தில் வெட்டி எறிந்தது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 1983-ல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரமே படுத்துவிட்டது. கடைக்காரர்கள் அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளித்தார்கள். 1985-ல் நின்டெண்டோ தன் ‘ஃபேமிகாம்’ பெட்டியின் பெயரை ‘என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்’ என்று மாற்றி, வீடியோ டெக் மாதிரி முன்பக்கம் கேசட் சொருகும்படி உருவத்தையும் மாற்றி, கூடவே ஒரு பொம்மை ரோபோவை வைத்து நியூயார்க்கில் இறக்கியது. வேலை செய்தது. ஆனா அதிலிருந்து மற்றவர்கள் படித்த பாடம்தான் கோளாறு. அமெரிக்காவில் விற்கணும்னா ஜப்பான் வாசனையைக் கழுவிடணும்! ஜப்பானில் உருண்டை முகச் சிறுவனாக இருந்த ‘ராக்மேன்’, 1987-ல் அமெரிக்க அட்டைப்படத்தில் துப்பாக்கி பிடித்த நடுவயசு மாமாவாக, ‘மெகா மேன்’ என்ற பெயரில் நின்றார். இன்றைக்கும் அந்தப் படத்தைப் போட்டு ரசிகர்கள் கலாய்க்கிறார்கள்.

யகுசாவுக்கு வருவோம். ஜப்பானில் இதன் பெயரே வேறு. ‘ரியூ கா கோதோகு’, அதாவது ‘டிராகனைப் போல’. உருவாக்கிய தோஷிஹிரோ நகோஷி, வெளிநாட்டு விற்பனையை மனதில் வைக்காமல், ஜப்பானிய ஆண்களுக்காகவே இதைச் செய்தார். கதை நடக்கும் தெருக்கள் டோக்கியோவின் கபுகிச்சோ பகுதியின் அச்சு. 2005 டிசம்பரில் அங்கே வெளிவந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குப் போனபோது பெயர் நேரடியாக ‘யகுசா’ ஆனது. குரல் கொடுக்க ஹாலிவுட்டிலிருந்து ஆள் பிடித்தார்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ புகழ் மார்க் ஹாமில்கூட இருந்தார். ஆனாலும் கேம் ஓடவில்லை. இரண்டாம் பாகத்துக்கு டப்பிங் செலவே வேண்டாம் என்று சப்டைட்டிலோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாம் பாகத்தில் நடந்ததுதான் கொடுமை. 2010-ல் மேற்கில் வந்த அந்த கேமில் மாஜோங் இல்லை, ஷோகி இல்லை, ஹோஸ்டஸ் கிளப் இல்லை, வினாடி வினா இல்லை. நேரமில்லை, மேற்கத்தியர்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்று காரணம் சொன்னார்கள். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு டோக்கியோ தெருவில் ராத்திரி பூரா சுத்துற அனுபவம்தான் இந்த கேமே. அதில் டோக்கியோவை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன, அடிதடி மட்டும்தானே? ஐந்தாம் பாகம் மேற்கை எட்ட மூன்று வருஷம் ஆனது. விற்காத பொருளை யார் சீக்கிரம் அனுப்புவார்கள்? லேட்டாகவும் வெட்டியும் அனுப்பினால் எப்படி விற்கும்? அந்தச் சுழலிலேயே பத்து வருஷம் ஓடிப்போச்சு.

பக்கத்துக் கம்பெனி கேப்காம் இன்னும் ஒரு படி மேலே போனது. தன் ‘டெவில் மே க்ரை’ தொடரை ஒரு பிரிட்டன் ஸ்டூடியோ கையில் கொடுத்து, 2013-ல் வெள்ளை முடி ஹீரோ டான்டேவுக்குக் கறுப்பு முடி வைத்துப் புதுசாக இறக்கியது. மேற்கத்திய ரசிகர்களைப் பிடிக்க எடுத்த முயற்சி அது. அதே மேற்கத்திய ரசிகர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள்! (கேம் ஒன்றும் மோசமில்லை என்பது என் கட்சி.) 2019-ல் ஐந்தாம் பாகத்தை ஜப்பான் டீமே செய்தது. டான்டே தலை மறுபடி வெளுத்தது, கூட்டமும் திரும்பி வந்தது.

‘உள்ளதை உள்ளபடி கொடு, உலகம் வாங்கும்’ என்று இதற்கு இப்போது ஒரு விளக்கம் சொல்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, தேதியும் விலையும். 2018 ஜனவரியில் ‘மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்ட்’ உலகம் முழுக்க ஒரே நாளில் வந்தது. மூன்று நாளில் 50 லட்சம் பிரதிகளை கேப்காம் அனுப்பியது. அதற்கு முன் இதே தொடர் ஜப்பானில் பேய் ஓட்டம் ஓடியும் வெளியே அவ்வளவாக எடுபடவில்லை. 1980-களைக் காட்டும் ‘யகுசா 0’ 2017-ல் மேற்குக்கு வந்தது. மறு வருஷம் கம்ப்யூட்டரில் மலிவு விலையில் கிடைத்தது. பார்த்தவர்கள் வீடியோ போட்டார்கள், மற்றவர்கள் வாங்கினார்கள். அந்தக் கூட்டம்தான் பிறகு ‘மிட்டாய்’ பாட்டைப் பரப்பியது.

மாற்றுவதே பாவம் என்றும் சொல்ல முடியாது. கேப்காமின் ‘ஏஸ் அட்டர்னி’ வக்கீல் கேமில், ஜப்பானிய ஹீரோ நருஹோதோவின் பெயருக்கு ‘ஓ, அப்படியா!’ என்று பொருள். அந்தச் சிலேடையை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் யார் சிரிப்பார்கள்? ஆங்கிலத்தில் ‘ஃபீனிக்ஸ் ரைட்’ ஆக்கினார்கள். அருமை! ஆனால் ஊரை லாஸ் ஏஞ்சலஸ் என்று மாற்றி, ராமென் நூடுல்ஸை பர்கராக்கியபோது மாட்டிக்கொண்டார்கள். அடுத்தடுத்த பாகங்களில் ஜப்பானியக் கோயிலும் கிமோனோவும் வந்து நின்றபோது, லாஸ் ஏஞ்சலஸில் இதெல்லாம் எங்கே என்ற கேள்வி விடவில்லை. ஒரு சிலேடைக்காக மண்டையை உடைக்கும் மொழிபெயர்ப்பாளரும், ஊரையே ஒளிக்கும் மார்க்கெட்டிங் ஆளும் ஒன்றல்ல. ரசிகர்களின் கோபம் பெரும்பாலும் முதலாமவர் தலையில்தான் விடிகிறது. இப்போது ஒரே நாள் ரிலீஸ் என்பதால், கேம் முடிவதற்கு முன்பே மாறிக்கொண்டிருக்கும் வசனத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதும் அவர்தான்.

வியாபாரத்தின் திசையும் திரும்பிவிட்டது. 2025-ல் ‘ஸ்விட்ச் 2’ வந்தபோது நின்டெண்டோ ஜப்பானில் இரண்டு விலை வைத்தது. ஜப்பானிய மொழி மட்டும் உள்ள பெட்டி 49,980 யென். பல மொழிப் பெட்டி 69,980 யென். அமெரிக்காவில் 449.99 டாலர். யென் மதிப்பு விழுந்து கிடக்கிற நேரத்தில், உள்ளூர்க்காரனுக்கு மலிவாகவும் கொடுக்கணும், அதை வெளிநாட்டான் அள்ளிக்கொண்டு போகவும் கூடாது. அதுக்குத்தான் மொழிப் பூட்டு. ஜப்பானிய மொழி, விற்பனைக்குத் தடை என்பதிலிருந்து வீட்டு ஆளுக்கான தள்ளுபடிச் சீட்டாகிவிட்டது!

சேகாவும் 2022-ல் ஒரு முடிவெடுத்தது. இனி ஆங்கிலத்திலும் ‘டிராகனைப் போல’ என்ற அசல் பெயர்தான். 2024 ஜனவரியில் ‘லைக் எ டிராகன்: இன்ஃபினிட் வெல்த்’ உலகம் முழுக்க ஒரே நாளில் வந்து, ஒரே வாரத்தில் 10 லட்சம் விற்றது. ஆங்கில டப்பிங்கும் உண்டு, ஜப்பானியக் குரலும் உண்டு. எது வேணுமோ வச்சுக்கலாம்.

ஆனா பழைய பெயர் அவ்ளோ லேசுல போகுமா? 2025-ல் கடற்கொள்ளையர் கதையோடு அடுத்த கேம் வந்தது. ஜப்பானில் அதன் துணைத்தலைப்பு ‘பைரேட்ஸ் இன் ஹவாய்’. மேற்கில் விற்றபோது வைத்தது, ‘பைரேட் யகுசா இன் ஹவாய்’.